பிறைச் செய்தியும் அலைநீளக் கணக்கும்
மஸ்கெலியாவிலிருந்து ஒரு வானொலி வரலாறு

மஸ்கெலியாவில் பிறை பார்ப்பது இலேசான காரியமல்ல. மேற்கே மலை. மலைக்கு மேலே மேகம். மேகம் விலகினால் மழை. ரமழான் இருபத்தொன்பதாம் நாள் மஃரிபுக்குப் பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்டும் தெரியல்ல" என்று தலையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவதுதான் எங்கள் மலைப்பக்கத்து வழமை. அதனால் எங்களுக்குப் பிறை வானத்தில் பிறக்கவில்லை, வானொலியில்தான் பிறந்தது. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் எடுக்கும் முடிவு இலங்கை வானொலியில் வரும்வரை நாட்டிலுள்ள மற்ற முஸ்லிம்களைப் போலவே நாங்களும் காத்திருப்போம். மற்றவர்களுக்குக் காதில் விழும். எங்களுக்கு இரைச்சல் விழும்.

இந்தக் கட்டுரை அந்த இரைச்சலைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைப் பிடித்தெடுக்கத் தேவைப்படும் ஒரு சின்ன வகுத்தல் கணக்கின் வரலாற்றைப் பற்றியது. மின்காந்த அலையின் மீடிறன் தெரிந்தால் அலைநீளத்தைக் காண்பது எப்படி என்பதே அந்தக் கணக்கு. தமிழ்நாட்டார் மீடிறனை 'அதிர்வெண்' என்பார்கள். சொல் வேறு, பொருள் ஒன்றே: ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற எண்ணிக்கை. பாடப்புத்தகத்தில் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும் விடயம். ஆனால் அந்த அரைப்பக்கம் தப்பியதால் எங்கள் வீட்டில் ஒரு பெருநாள் தப்பியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1975, ஒக்டோபர் முதல் வாரம்

வாப்பாவுக்கு அப்போது மஸ்கெலியா நகருக்கு மேலே ஒரு தோட்டத்து டிவிசனில் சில்லறைக் கடை. அரிசி, மாவு, கருவாடு, மண்ணெண்ணெய். சுற்றிலும் லயங்கள். முஸ்லிம் குடும்பங்கள் நாலே நாலு. கடையில் ஒரு ட்ரான்சிஸ்டர் செட் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் வாங்கியது. 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிவிட்டதால் புது றேடியோ வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பழையதைத் துணி போர்த்திப் பாதுகாத்தோம்.

அந்த வருடம் நோன்பு செப்டெம்பரில் தொடங்கியது. இருபத்தொன்பதாம் இரவு இடியும் மின்னலும். மத்திய அலையில் முள்ளைத் திருப்பிய இடமெல்லாம் 'கர்' என்ற சத்தம்தான். சிற்றலையிலும் உள்நாட்டு ஒலிபரப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். 4900 கிலோஹேர்ட்ஸை ஒட்டிய ஓர் எண்ணை அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எங்கள் செட்டின் முகப்பில் கிலோஹேர்ட்ஸ் கிடையாது. 16, 19, 25, 31, 41, 49, 60 என்று எல்லாம் மீற்றர்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கிற பெருமை எனக்கு. "வாப்பா, கணக்குப் பாத்துச் சொல்றேன்" என்றேன். முந்நூறு என்ற எண் ஒன்று அந்தக் கணக்கில் வரும் என்பது ஞாபகம் இருந்தது. எதை எதால் வகுப்பது என்பது ஞாபகம் இல்லை. 4900ஐ 300ஆல் வகுத்தேன். 16.3 வந்தது. முகப்பைப் பார்த்தால் 16 என்று ஓர் இடம் அச்சடித்தே இருக்கிறது! அல்ஹம்துலில்லாஹ், கணக்குச் சரி என்று அலை மாற்றும் பொத்தானைத் திருகி, 16க்குப் பக்கத்தில் முள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மகன், கேக்குதா?"

"இன்னம் இல்ல வாப்பா. இந்தா வந்திரும்."

வரவில்லை. பத்து மணிக்கு பெட்டரியும் களைத்துவிட்டது. செய்தி கிடைக்காததால் முப்பதாவது நோன்பு என்று நிய்யத் வைத்து ஸஹர் செய்து படுத்தோம். காலை எட்டரை மணிக்குத் தோட்டத்து லொறி டிரைவர் கடை வாசலில் நிறுத்தி, "என்ன முதலாளி, பெருநாளும் அதுவுமா கடையத் தொறந்து வச்சிருக்கீங்க? கீழ டவுன்ல எல்லாரும் புதுச் சட்டையோட போறாங்களே" என்றார்.

வாப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு குவளை தண்ணீரை எடுத்துக் குடித்தார். பெருநாள் அன்று நோன்பு பிடிப்பது ஹராம் அல்லவா. உம்மா அழுதுவிட்டார். நாலு குடும்பத்து ஆம்பிளைகளும் கீழே ஓடினோம். ஜமாஅத் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். லுஹருக்கு முன் நேரம் இருந்ததால் ஓர் ஓரத்தில் நின்று நாங்களாகத் தொழுதோம். வரும் வழியில் வாப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லணும் மகன். தெரிஞ்ச மாதிரி உக்காரப்படாது."

என் பிழை என்ன என்பதை அன்றிரவே கண்டுபிடித்தேன். அந்தப் பிழைக்குப் பின்னால் ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் பல வருடங்கள் எடுத்தன.

முந்நூறு எங்கிருந்து வந்தது?

அந்த 300 ஒரு மாய எண்ணல்ல. அது ஒளியின் வேகம். ஒளி, வானொலி அலை, வெப்பக் கதிர், எக்ஸ் கதிர் எல்லாமே மின்காந்த அலைகள்தான். வெற்றிடத்தில் இவை அனைத்தும் செக்கனுக்கு 299,792,458 மீற்றர் வேகத்தில் போகின்றன. 1983இல் மீற்றர் என்ற அளவையே இந்த எண்ணை வைத்து வரையறுத்துவிட்டார்கள். பழக்கத்தில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் என்கிறோம்.

ஒளிக்கு வேகம் என்று ஒன்று உண்டா, அது நினைத்த மாத்திரத்தில் எங்கும் போய்ச் சேர்ந்துவிடுமா என்பது பழைய வழக்கு. கிரேக்க அறிஞர்களில் அரிஸ்டோட்டிலின் வழி வந்தவர்கள், ஒளிக்குப் பயணம் என்பதே இல்லை என்றார்கள். பஸராவில் பிறந்து கெய்ரோவில் எழுதிய இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில், ஒளி ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்குப் போக நேரம் எடுக்கிறது, அது நம் புலனுக்குப் பிடிபடாத அளவு சிறியது என்று வாதித்தார். அவர் காலத்தவரான அல்பீரூனியும் ஒளிக்கு வேகம் உண்டென்றும், அது ஒலியின் வேகத்தைவிட மிக மிக அதிகம் என்றும் கருதினார். பதினோராம் நூற்றாண்டின் கருத்து இது. அளக்கக் கருவி இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அளவு 1676இல் வந்தது. டென்மார்க் நாட்டு ஓலே ரோமர், வியாழனின் துணைக்கோளான அயோ கிரகணம் பிடிக்கும் நேரம் முன்பின்னாவதைக் கவனித்து, ஒளி பூமிக்கு வந்துசேர எடுக்கும் நேரமே அதற்குக் காரணம் என்று காட்டினார். 1856இல் ஜேர்மனியில் வெபரும் கோல்ரௌஷும் மின்சாரத்தையும் காந்தத்தையும் மட்டும் வைத்துச் செய்த ஓர் அளவீட்டில் செக்கனுக்கு 310,740 கிலோமீற்றர் என்ற வேகம் கிடைத்தது. ஒளியையே தொடாத பரிசோதனையில் ஒளியின் வேகத்தை ஒட்டிய எண்! ஸ்கொட்லாந்தின் மக்ஸ்வெல் இதைப் பிடித்துக்கொண்டார். ஒளி என்பதே ஒரு மின்காந்த அலைதான் என்று 1865இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்.

அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத, இன்னும் நீளமான அலைகளும் இருக்கவேண்டுமே? 1887, 1888இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் ஹைன்றிச் ஹேர்ட்ஸ் அவற்றை உண்டாக்கிக் காட்டினார். தீப்பொறியால் கிளப்பிய அலையைச் சுவரிலுள்ள உலோகத் தகட்டில் மோதவிட்டார். போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்து, அறைக்குள் சில இடங்களில் பலமாகவும் சில இடங்களில் ஒன்றுமில்லாமலும் நின்றன. ஒன்றுமில்லாத இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் அலைநீளத்தில் பாதி. ஆகவே அலைநீளத்தை அடிக்கோலால் அளக்கலாம். மீடிறனைத் தன் கருவியின் அமைப்பிலிருந்து கணக்கிட்டார். இரண்டையும் பெருக்கினால் வேகம்.

இதுதான் அந்த அரைப்பக்கப் பாடம்: மீடிறனை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம். ஏன் என்பதற்குத் தோட்டத்து உதாரணமே போதும். ஒருவன் ஒரு நிமிடத்தில் நூறு எட்டு வைக்கிறான், ஒவ்வொரு எட்டும் அரை மீற்றர் என்றால் நிமிடத்துக்கு ஐம்பது மீற்றர் போவான். எட்டுகளின் எண்ணிக்கை மீடிறன். எட்டின் நீளம் அலைநீளம். இப்போது ஒரு நிபந்தனை: எல்லோரும் ஒரே வேகத்தில்தான் நடக்கவேண்டும். அப்போது அடிக்கடி எட்டு வைப்பவன் குட்டை எட்டு வைக்கவேண்டும், ஆறுதலாக எட்டு வைப்பவன் நெட்டை எட்டு வைக்கவேண்டும். மின்காந்த அலைகளுக்கு இறைவன் விதித்திருக்கும் நிபந்தனை இதுவே. மீடிறன் இரட்டித்தால் அலைநீளம் பாதியாகும்.

ஆகவே அலைநீளம் வேண்டுமென்றால், வேகத்தை மீடிறனால் வகுக்கவேண்டும். மீடிறன் கிலோஹேர்ட்ஸில் இருந்தால் 300,000ஐ அதனால் வகுத்தால் மீற்றர் வரும். மெகாஹேர்ட்ஸில் இருந்தால் 300ஐ வகுத்தால் போதும். என் கணக்கு தலைகீழ். 300,000ஐ 4900ஆல் வகுத்திருந்தால் 61.2 மீற்றர். முகப்பில் 60 என்று போட்டிருந்த இடத்துக்கு ஒரு நூல் தள்ளி. நான் உட்கார்ந்திருந்ததோ 16இல்.

பிழையான விடை முகப்பிலுள்ள ஓர் எண்ணோடு பொருந்திப் போனதுதான் என்னை ஏமாற்றியது. இதற்கு ஒரு காவல் இருக்கிறது. ஒரே ஓர் அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 1000 கிலோஹேர்ட்ஸ் என்றால் 300 மீற்றர். 4900 அதைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எனவே அலைநீளம் 300இல் ஐந்தில் ஒரு பங்கு, அறுபதுக்குப் பக்கம். பேனையே தேவையில்லை. 16 வந்தவுடனேயே "இது சரிவராதே" என்று தெரிந்திருக்கும்.

மீற்றரா, கிலோசைக்கிளா?

வானொலிப் பெட்டியின் முகப்பில் மீற்றரும் அறிவிப்பாளரின் வாயில் கிலோஹேர்ட்ஸும் ஏன் வந்தன? இதிலும் வரலாறு இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் மீடிறனை நேரே எண்ணக் கருவி இல்லை. ஹேர்ட்ஸ் செய்ததுபோல் நீளத்தை அளப்பதே இலகு. 1888இல் ஒஸ்திரிய விஞ்ஞானி லேஹர், இரண்டு சமாந்தரக் கம்பிகளின் மேல் அலைநீளத்தை அளக்கும் முறையைக் காட்டினார். ஆகவே கம்பியில்லாத் தந்தியில் வேலை செய்தவர்கள் நீளத்தில்தான் பேசினார்கள். ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் உதவி கேட்ட அலை '600 மீற்றர்' எனப்பட்டது. அதுவே பிறகு 500 கிலோசைக்கிள் ஆயிற்று. 300,000ஐ 500ஆல் வகுத்துப் பாருங்கள். கல்கத்தாவில் 1895இல் ஜகதீஸ் சந்திர போஸ் பொதுமக்கள் முன் செய்துகாட்டிய பரிசோதனைகளும் அலைநீளத்தாலேயே பேசப்படுகின்றன. அவர் கையாண்ட அலைகள் 5 மில்லிமீற்றர் வரை குட்டையானவை. மீடிறனில் சொன்னால் 60,000 மெகாஹேர்ட்ஸ்.

நிலையங்கள் பெருகியபோது மீற்றர் உதவாமல் போயிற்று. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் மோதாமலிருக்க அவற்றின் மீடிறன்களுக்கிடையே ஒரே அளவு இடைவெளி வேண்டும். நம் பிராந்தியத்தில் மத்திய அலைக்கு 1978 நவம்பரிலிருந்து அந்த இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். இந்த 9ஐ மீற்றரில் பாருங்கள். 540 கிலோஹேர்ட்ஸ் 555.6 மீற்றர், 549 கிலோஹேர்ட்ஸ் 546.4 மீற்றர்: வித்தியாசம் ஒன்பது மீற்றருக்கு மேல். மறு முனையில் 1530க்கும் 1539க்கும் இடையே வித்தியாசம் ஒரு மீற்றர் சொச்சம்தான். ஒரே அளவு வளவு, ஓரிடத்தில் ஒன்பது முழம், இன்னோரிடத்தில் ஒரு முழம் என்று உறுதி எழுத முடியுமா? ஆகவே பொறியியலாளர்கள் மீடிறனுக்கு மாறினார்கள். 'செக்கனுக்கு இத்தனை சைக்கிள்' என்றிருந்ததற்கு, 1960இல் நடந்த அளவைகளுக்கான சர்வதேச மாநாடு ஹேர்ட்ஸின் பெயரை ஏற்றுக்கொண்டது. ஆனால் சனங்களின் வாயிலும் பெட்டியின் முகப்பிலும் மீற்றர் போகவில்லை.

சிற்றலையில் மீற்றர் என்பது ஒரு தெருவின் பெயர் மாதிரி. '25 மீற்றர்' என்பது ஒரு நிலையமல்ல. 11,600இலிருந்து 12,100 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள ஒரு முழுத் தெரு. 5 கிலோஹேர்ட்ஸுக்கு ஒரு வீடு என்றால் நூறு வீடு. நீளக் கணக்கில் பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றர். இலங்கை வானொலி தென்னிந்தியாவுக்கும் வட இந்தியாவுக்கும் ஒலிபரப்பிய பிரபலமான அலைகளில் ஒன்று 11,905 கிலோஹேர்ட்ஸ். வகுத்தால் 25.2 மீற்றர். இன்னொன்று 7190 கிலோஹேர்ட்ஸ், 41.7 மீற்றர். அறிவிப்பாளர் 25, 41 என்று முழு எண்ணாகச் சொல்வார். நேயர் அந்தத் தெருவுக்குள் போய்க் காதால் வீட்டைத் தேடிப் பிடிப்பார்.

இங்கே இன்னொரு நுணுக்கம். மூன்று இலட்சம் என்று முழுமையாக்கிய எண்ணால் மீற்றரிலிருந்து கிலோஹேர்ட்ஸுக்குத் திரும்பினால், 11,905 இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 8 கிலோஹேர்ட்ஸ் பிழைக்கும். அதாவது அடுத்த வீட்டையும் தாண்டிவிடுவோம். தேடுவதற்கு மூன்று இலட்சம் போதும். அளப்பதற்கு 299,792 வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு திருத்தம் தேவை என்பதை அறிவதும் கணக்கில் ஒரு பகுதிதான்.

கொழும்பிலிருந்து மலைக்கு

இலங்கையில் ஒலிபரப்பு மிக முன்னதாகவே வந்துவிட்டது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹாப்பர் 1923இல் கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பரீட்சித்தார். பிடிபட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு அந்த ஒலிபரப்பி கட்டப்பட்டது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பிபிசி தொடங்கி மூன்றே வருடம்.

இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக 'ரேடியோ சியாக்' என்ற நிலையம் கொழும்பில் நடந்தது. அதற்காக ஏக்கலையில் 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. அந்தச் சொத்து பிறகு இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தியபோது, இந்திய நேயர்கள் கூட்டமாக இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். ஹிந்தியில் அமீன் சயானி, தமிழில் எஸ்.பி. மயில்வாகனம், பின்னாளில் பீ.எச். அப்துல் ஹமீத் ஆகிய குரல்கள் கடலைத் தாண்டின. முஸ்லிம் சேவையும் நம் வீடுகளில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மணிக்கூடாக அமைந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலை எவ்வளவு தூரம் போகும், எங்கே இறங்கும் என்பதையும் அலைநீளமே தீர்மானிக்கிறது. நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமான மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிப் போகிறது. மலை குறுக்கிட்டால் தேய்ந்து போகும். 25 மீற்றர் அலை மேலே போய், அயன மண்டலத்தில் திரும்பி, பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இறங்குகிறது. இடையிலுள்ள பகுதியின் தலைக்கு மேலால் தாண்டிவிடும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் கணீரென்று கேட்ட அலை, கொழும்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள் இருக்கும் மஸ்கெலியாவில் அருகாமை காரணமாகவே தடுமாறும். 60 மீற்றர் வரிசை அப்படியல்ல. இரவில் அது கிட்டத்தட்ட நேர் மேலே போய் நேர் கீழே இறங்கக்கூடியது. மலை அதற்குத் தடையில்லை. வெப்பவலய நாடுகளுக்கென்று 4750இலிருந்து 5060 கிலோஹேர்ட்ஸ் வரை உள்நாட்டு ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்டதும் இதனால்தான். அன்றிரவு எங்களுக்குத் தேவைப்பட்ட அலை அதுவே. நான் போய் உட்கார்ந்த 16 மீற்றரோ பகலுக்குரிய தூரதேசத்து அலை. இரவில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது.

மறு வருடம் நானாவும் நானும் ஒரு செப்புக் கம்பியை வீட்டுக் கூரையிலிருந்து சவுக்கு மரம் வரை கட்டினோம். அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். 61.2இல் பாதி 30.6 மீற்றர். தேயிலை மலையில் அடிக்கோல் வைத்து அளந்த முதல் மின்காந்த அலை அதுவாகத்தான் இருக்கும் என்று நானா சிரிப்பார். அந்த வருடம் பிறைச் செய்தி இஷாவுக்கு முன்பே எங்கள் டிவிசனுக்கு வந்துவிட்டது. வாப்பா கதவைத் திறந்துவைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, வெளியே போய் நின்று கேட்டார்.

தண்ணீருக்குள் ஒரு பள்ளி, ஆறாயிரம் கிலோமீற்றர் ஓர் அலை

மஸ்கெலியாவைப் பற்றி எழுதும்போது இன்னொரு அலையைச் சொல்லாமல் விடமுடியாது. இன்றைய மஸ்கெலியா புது நகரம். பழைய நகரம் 1969இல் மவுஸ்ஸாகலை அணைக்கட்டு வந்தபோது நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கடைத்தெரு, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் போயின. வாப்பா முதலில் கடை வைத்திருந்தது அங்கேதான். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். சனங்கள் பார்க்கப் போவார்கள். நானும் போயிருக்கிறேன். தொழுத இடத்தில் சேறு வெடித்துக் கிடப்பதைப் பார்ப்பது மனதுக்கு இலேசானதல்ல.

அந்தத் தியாகத்துக்குப் பெயர் மின்சாரம். மஸ்கெலி ஓயாவிலிருந்தும் கெஹெல்கமு ஓயாவிலிருந்தும் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. 1950இல் லக்ஸபான இயங்கத் தொடங்கியது. அணைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மலையில் பிறந்த மின்சாரம் கொழும்புக்குப் போனது. அணைக்குப் பக்கத்து லயங்களில் குப்பி விளக்கு எரிந்தது. எங்கள் றேடியோ டோர்ச் பெட்டரியில் பாடியதற்கும் அதுவே காரணம்.

அந்த மின்சாரத்துக்கும் ஒரு மீடிறன் உண்டு: 50 ஹேர்ட்ஸ். அதே கணக்கைப் போடுங்கள். மூன்று இலட்சம் கிலோமீற்றரை 50ஆல் வகுத்தால் ஆறாயிரம் கிலோமீற்றர். இலங்கையின் நீளம் 432 கிலோமீற்றர். நாட்டைப்போல் ஏறக்குறைய பதினான்கு மடங்கு நீளமான ஓர் அலை மவுஸ்ஸாகலைத் தண்ணீரிலிருந்து எழுகிறது. அவ்வளவு நீளமான அலைக்கு முன்னால் நம் மின்கம்பிகள் துண்டு நூல் மாதிரி. அதனால்தான் அந்தச் சக்தி வானொலி அலைபோல் ஆகாயத்தில் சிதறாமல் கம்பியோடு கம்பியாகக் கொழும்பு போய்ச் சேர்கிறது.

1982இல் ரூபவாஹினி வந்தபோது நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலை மலையில் கோபுரம் நட்டார்கள். தொலைக்காட்சி அலை 174 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே. 300ஐ 174ஆல் வகுத்தால் 1.7 மீற்றர். அதனால்தான் லயத்துத் தகரக் கூரைகளில் மீன் முள் மாதிரி நின்ற அன்டெனாக்களின் குறுக்குக் கம்பிகள் ஒரு மீற்றரை எட்டாமல் இருந்தன: பாதி அலைநீளம். இன்று கையிலுள்ள போனுக்கு 900 மெகாஹேர்ட்ஸ் என்றால் 33 சென்ரிமீற்றர். 1800 என்றால் அதில் பாதி. அலை குட்டையாகக் குட்டையாக மலையைச் சுற்றி வளைந்து வருவது குறையும். மலைக்கு நிழல் விழுவதுபோல் அலைக்கும் நிழல் விழும். "டவுன்ல சிக்னல் இருக்கு, லயத்துல இல்ல" என்று பிள்ளைகள் சொல்வது ஒரு சாட்டல்ல, பௌதிகவியல். கோபுரத்தை எந்த மலையில் நடுவது என்று தீர்மானிக்கிறவர்களுக்கு முன்னால் போய் இதைக் கணக்கோடு சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நம் மலைப்பக்கத்திலிருந்து வரவேண்டும்.

முடிவாக

பிறையைக் கணக்கால் தீர்மானிக்கலாமா, கண்ணால் கண்டால்தானா என்ற விவாதம் ஒவ்வொரு ரமழானிலும் வருகிறது. அது உலமாக்கள் தீர்க்கவேண்டிய விடயம். அதில் நான் புகவில்லை. ஆனால் கண்ட பிறையின் செய்தி ஒரு வீட்டுக்கு வந்துசேர ஓர் அலை வேண்டும், அந்த அலைக்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இப்னுல் ஹைதமின் பெயரையும் அல்பீரூனியின் பெயரையும் நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். நல்லது. அவர்கள் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கும் நாமே 300ஐ எதால் வகுப்பது என்று தெரியாமல் 16 மீற்றரில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பெயர்களால் நமக்கு என்ன பயன்? அவர்கள் விட்டுச் சென்றது பெருமைக்குரிய பட்டியலை அல்ல. கேட்டுப் பார், அளந்து பார், விடை பொருந்துகிறதா என்று இன்னொரு வழியால் சரிபார் என்ற பழக்கத்தை.

வாப்பா காலமாகிப் பல வருடமாகிறது. அந்த ட்ரான்சிஸ்டர் என்னிடம் இருக்கிறது. சிற்றலையில் இப்போது கேட்க அதிகம் இல்லை. என்றாலும் ரமழான் இருபத்தொன்பதாம் இரவு, போனில் செய்தி வந்த பிறகும், பெட்டரி போட்டு முள்ளை 60க்கு ஒரு நூல் தள்ளி வைப்பேன். போன வருடம் பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகப்பில் இருந்த எண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன நம்பர் அப்பா, மீற்றரா? ஹேர்ட்ஸுக்கு எப்பிடி மாத்துறது?" என்று கேட்டான். பென்சிலையும் கொப்பியையும் எடுத்துக் கொடுத்தேன். முதலில், 1000 கிலோஹேர்ட்ஸ் என்றால் 300 மீற்றர் என்று எழுதச் சொன்னேன்.